வெள்ளிக்கிழமைக் கூட்டம், வியாழக்கிழமைச் செய்தி

பாக்கியநாதன் சாரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் அவர் வண்டியைப் பற்றித்தான் எழுத வேண்டும். வண்டி பழசு. கிளப்பினால் நாலு வீட்டு நாய்கள் எழுந்து நிற்கும். ஆனால் முன்னால், பின்னால், பெட்ரோல் டேங்கின் இரண்டு பக்கமும் 'பிரஸ்' என்று சிவப்பில் ஒட்டியிருக்கும். ஹெல்மெட்டிலும் உண்டு. சாப்பாட்டுக் கேரியரில்கூட ஒன்று ஒட்டியிருந்தார். அதை அவர் மனைவி சாராள் அக்கா கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டார். கும்மிடிப்பூண்டி பைபாசில் போலீஸ் கை காட்டினால் சார் நிறுத்த மாட்டார், பெரிய மனுஷர் மாதிரி தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். ஒருமுறை அவர்கள் கை காட்டியது சைடு ஸ்டாண்டை எடுக்கச் சொல்லி. அது தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டே போய் சிப்காட் திருப்பத்தில் விழுந்தார். அந்தச் செய்தி எங்கள் பேப்பரில் வரவில்லை.

எங்கள் பேப்பர் என்று உரிமையோடுதான் சொல்கிறேன். 'எல்லைச் செய்தி' வார இதழுக்குப் பதினோரு வருஷமாகப் பக்கம் கட்டுகிறவள் நான். பெயர் ஏஞ்சலின். ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வந்து, செல்போன் ரீசார்ஜ் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை ஆபீசைத் திறந்து, கம்ப்யூட்டரில் செய்தியை அடுக்குவது, போட்டோவை வெட்டுவது, தலைப்பை ஏற்றி இறக்குவது எல்லாம் என் வேலை. எனக்குக் கோபம் சீக்கிரம் வருகிறது என்பது சாரின் அபிப்பிராயம். கோபம் வராத ஒருத்தி அந்த ஆபீசில் பதினோரு நாள்கூட இருந்திருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

சாரின் அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர். சிப்காட்டில் கம்பெனிகள் முளைத்ததும் மகனை இரும்பு ரோலிங் மில்லில் காண்ட்ராக்டில் சேர்த்துவிட்டார். சார் அங்கே ஆறு வருஷம் கம்பி இழுத்தார். ஏழாவது வருஷம், கேண்டீன் சாம்பாரைப் பற்றி ஒரு நோட்டுத் தாளில் எழுதி கை கழுவும் இடத்துச் சுவரில் ஒட்டினார். சாம்பாரில் பருப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டோம், நேரில் பார்த்தவர்கள் தெரியப்படுத்தவும் என்று ஒரே ஒரு வரி. மில்லே சிரித்தது. மறுநாள் ஐந்து வரி எழுதினார். அடுத்த வாரம் சூப்பர்வைசரின் மச்சானைப் பற்றி எழுதினார். அதற்கடுத்த வாரம் கேட்டில் அவர் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வேலை போன மனுஷர் வேறு மில்லில் சேருவார் என்று சாராள் அக்கா பார்த்தார். இவரோ டெல்லிக்கு ஃபாரம் அனுப்பிக்கொண்டிருந்தார். பேப்பர் ஆரம்பிக்க அங்கே பெயர் பதிய வேண்டும். ஐந்து பெயர் எழுதினார். முதல் நான்கிலும் தீயோ இடியோ இருந்தது. ஐந்தாவதை, கட்டம் காலியாக இருக்கிறதே என்று எழுதினார். டெல்லிக்காரர்கள் அதைத்தான் கொடுத்தார்கள். ஆந்திரா எல்லை பக்கத்திலேயே இருப்பதால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நாங்கள் அவரைத் தேற்றுவது வழக்கம்.

இது நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சாராள் அக்கா செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்டுக்குப் போய் வீட்டை ஓட்டினார். சார் பேப்பரை ஓட்டினார்.

பேப்பர் நாலு பக்கம். நாலாம் பக்கம் முழுக்க வாழ்த்து விளம்பரமும் கண்ணீர் அஞ்சலியும். இரண்டாம் பக்கம் மற்ற பேப்பர்களில் வந்ததை நாங்கள் வேறு வார்த்தையில் எழுதியது. மூன்றாம் பக்கத்தில் உண்மை இருக்கும்: பஸ் வராதது, குழாயில் தண்ணீர் வராதது, ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்றது. அதை சார் நன்றாகவே எழுதுவார். யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். எல்லோரும் படிப்பது முதல் பக்கம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், ரேஷன் கடைத் திறப்பு, தீமிதி. இந்த முதல் பக்கத்தில்தான் எங்கள் தொழில் ரகசியம் இருக்கிறது. ரகசியம் என்றால் ஊருக்கே தெரிந்த ரகசியம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கங்கள் சென்னை அச்சகத்துக்குப் போக வேண்டும். சாயங்காலம் அச்சாகி, சனிக்கிழமை காலை முதல் ரயிலில் கட்டு வந்து இறங்கும். விசேஷம் வைப்பவர்களோ வெள்ளிக்கிழமை சாயங்காலமும் சனிக்கிழமை காலையும்தான் வைப்பார்கள். அடுத்த வாரம் போடுகிறோம் என்றால் முகம் சுருங்கிவிடும். அதனால் சார் நடக்கப்போவதை நடந்ததாகவே எழுதிவிடுவார். 'விழா சிறப்பாக நடைபெற்றது. திரளான பொதுமக்கள் கலந்துகொண்டனர்.' போட்டோ போன வருஷத்தது. ஒருமுறை அப்படிப் போட்ட போட்டோவில், நடுவில் காலமாகிவிட்ட ஒருத்தர் இரண்டாவது வரிசையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் கோபித்துக்கொள்ளவில்லை, இரண்டு பிரதி கூடுதலாக வாங்கிப்போனார்கள்.

இன்னொரு தடவை அடைமழையில் பந்தல் சரிந்து தீமிதியே நின்றுபோன ஊருக்கு, எங்கள் பேப்பர் 'கோலாகலம்' என்று தலைப்பு போட்டது. நான் பயந்துகொண்டே இருந்தேன். ஊர்ப் பெரியவர் வந்தார். "நல்லா எழுதிக்கீறீங்க சார், நடந்திருந்தாக்கூட இவ்ளோ நல்லா நடந்திருக்காது" என்று சொல்லிவிட்டு, அதை லேமினேஷன் போட எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

இப்படி யாருக்கும் வலிக்காத பொய்யாக எழுதி எழுதி, சாருக்கு ஊரில் 'காதுகுத்து எடிட்டர்' என்று பெயர் வந்துவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், முதுகு திரும்பினால் சொல்வார்கள். அவருக்குத் தெரியும். டீக்கடையில் யாராவது "வாங்க, பத்திரிகைக்காரரே" என்று கூப்பிட்டால், கூப்பிட்டவரின் உதட்டைத்தான் முதலில் பார்ப்பார். அதன் ஓரத்தில் சிரிப்பு இருக்கும். சிரிக்காமல் ஒரே ஒருத்தர் தன்னை அப்படிச் சொல்ல வேண்டும், அதைக் கேட்டுவிட வேண்டும், மனுஷருக்கு அவ்வளவுதான் ஆசை. சொந்த வீட்டிலேயே அது நடக்கவில்லை. "ஒங்க பேப்பர நான் பைபிள் வெக்கிற அலமாரியில வெக்கறதில்ல, அது கோச்சுக்கும்" என்பார் சாராள் அக்கா.

இந்த வருஷம் ஆடி மாதத்தில் சின்னப்பொண்ணு அம்மா ஆபீஸ் படியேறி வந்தார். வேப்பங்கண்டிகையில் ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறவர். அவர் நிலத்துக்குப் பக்கத்தில் பழைய பேட்டரிகளை உலையில் உருக்கி ஈயம் எடுக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. பெயர் எதற்கு, அந்தப் பக்கம் எல்லோரும் அதைப் புகைக் கம்பெனி என்றுதான் சொல்கிறோம். சின்னப்பொண்ணு அம்மா ஒரு வெள்ளைத் துணியை மேசையில் விரித்தார். வீட்டு வைக்கோல் போரைத் துடைத்த துணி. கரிச்சட்டி துடைத்த மாதிரி இருந்தது.

"ஒரு ஒலைக்கே இப்பிடி, நைனா. இன்னொரு ஒலை போடறாங்களாம். கூட்டம் போட்டு எங்களைக் கேப்பாங்களாம். நாங்க வேணாம்னு சொன்னா எழுதிக்குவாங்களா?"

"கண்டிப்பா எழுதணும்மா. சட்டம் இருக்குது. வீடியோவே எடுப்பாங்க" என்றார் சார். "நானும் வந்து குந்திக்கினு நீங்க சொல்றத ஒரு வார்த்த வுடாம எழுதறேன்."

அந்த அம்மா அதற்கு முன் மைக்கைத் தொட்டதில்லை. ஊர்ப் பெண்கள் பத்துப் பேராகச் சேர்ந்து, யார் எதைச் சொல்வது என்று நோட்டில் எழுதி, ஒரு மாதமாகக் களத்துமேட்டில் நின்று பேசிப் பழகினார்கள். அந்தக் கூட்டத்தில் ஊர் வேண்டாம் என்றது பதிவாகாவிட்டால் இரண்டாவது உலை வரும், ஏரித் தண்ணீரைப் பிறகு யாரும் தொட முடியாது. இது சின்னக் குழந்தைக்கும் புரிந்திருந்தது. கூட்டம் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, எளாவூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில்.

அந்த வாரம் புதன்கிழமை, புகைக் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி துளசிராமன் சாருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். பொங்கலுக்குப் பொங்கல் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிறவர். கருத்துக் கேட்புக் கூட்டம் அமைதியாக நடந்தது, பொதுமக்கள் ஏகமனதாக வரவேற்றார்கள் என்று, நடக்காத கூட்டத்தைப் பற்றி அழகாக எழுதியிருந்தார். சனிக்கிழமை பேப்பரில் வர வேண்டுமாம்.

இங்கேதான் எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. சார் கெட்ட எண்ணத்தில் அதைப் போடவில்லை. யோசிக்கவே இல்லை. கூட்டம், மண்டபம், மைக், நாற்காலி என்று வந்ததும் அவர் மூளை அதைக் காதுகுத்து இருக்கும் அலமாரியில் வைத்துவிட்டது. முதல் பக்கம் விழாப் பக்கம், உண்மையை அடுத்த வாரம் மூன்றாம் பக்கத்தில் விரிவாகப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் அவர் கணக்கு. அதோடு விட்டாரா? பெயர் இருந்தால்தான் செய்தி நிற்கும் என்பது அவர் தொழில் சட்டம். துளசிராமன் 'ஒரு பெண் விவசாயி' என்று எழுதியிருந்த இடத்தில், கைப்பழக்கத்தில், தெரிந்த பெயரைப் போட்டார். 'வேப்பங்கண்டிகை விவசாயி சின்னப்பொண்ணு பேசுகையில், எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று கூறிக் கண்கலங்கினார்.'

அந்தப் பக்கத்தைக் கட்டியது நான். என் விரல்தான் அந்த வரியை அடித்தது. என் மூளை அப்போது மாமியார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன புடவை என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஆகவே திட்டும்போது என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

இதற்கு நடுவில் அச்சகத்திலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை முதலாளி மகளுக்கு நிச்சயதார்த்தம், மிஷின் ஓடாது, வியாழக்கிழமையே பக்கம் அனுப்பிவிடுங்கள் என்றார்கள். "சார், இந்த வாரம் ஒரு நாள் முன்னாடி" என்றேன். "சரிம்மா, அனுப்பிடு" என்றார். அனுப்பிவிட்டேன். ஒரு நாள் முன்னால் அச்சானால் ஒரு நாள் முன்னால் கடைக்கு வரும் என்பது எங்கள் இருவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஸ்டேஷனில் இறங்கினேன். டீக்கடையில் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் உரக்கப் படித்தார்: "வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நடைபெற்ற கூட்டத்தில் திரளான பெண்கள் கைதட்டி வரவேற்றனர்." படித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டரை மணி நேரம் கீது. போய் கைதட்டிட்டு வந்துரலாம்."

சாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆபீசுக்கு ஓடினேன், பூட்டு. வீட்டிலிருந்து நேராக மண்டபத்துக்கு வண்டியில் கிளம்பிவிட்டிருந்தார், வண்டிச் சத்தத்தில் போன் எங்கே கேட்கும். நான் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மண்டப வாசலில் வேப்பங்கண்டிகைப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் 'எல்லைச் செய்தி'. எங்கள் பேப்பர் அவ்வளவு பேர் கையில் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நடுவில் சார் நின்றார். சின்னப்பொண்ணு அம்மா அவர் முன்னால்.

"இன்னா நைனா, நான் அழுதுட்டேனாமே. எப்ப அழுதேன்?"

சார் அந்த அம்மா கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார்.

"ஒரு மாசமா ராப்பகலா மனப்பாடம் பண்ணேன். எங்க ஊட்டுக்காரரு பேப்பரப் பாத்துட்டு, நீ டப்பு வாங்கிட்டியான்னு கேக்கறாரு. நான் இன்னா சொல்றது அவருக்கு?"

அந்த அம்மா கத்தியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். மெதுவாகத்தான் கேட்டார். சாரின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். மில்லில் வேலை போனபோதுகூட அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார் என்று சாராள் அக்கா சொல்லியிருக்கிறார். அந்த மனுஷருக்கு அன்றைக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

துளசிராமன் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "ஒண்ணும் பேஜாரு இல்ல சார். கேட்டா, அச்சுப்பிழைன்னு சொல்லிடுங்க. நாங்க எதுவும் குடுக்கலைன்னு நான் சொல்லிடறேன். கூட்டம் அதுபாட்டுக்கு நடந்துரும்."

"முழு நியூசும் அச்சுப்பிழையா?" என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

பதினோரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. மேடையில் கூட்டத்தை நடத்தும் அரசாங்க அதிகாரி உட்கார்ந்தார், பக்கத்தில் லேப்டாப்போடு பதிவு எழுதும் குமாஸ்தா, எதிரே வீடியோ கேமரா. முதல் பெயர் கூப்பிட்டதும் சின்னப்பொண்ணு அம்மா எழுந்தார். நோட்டை நாற்காலியிலேயே வைத்துவிட்டு, பேப்பரை மட்டும் எடுத்துக்கொண்டு மைக்குக்குப் போனார்.

"சார், நான் பேசத்தான் வந்தேன். ஆனா நான் காலையிலயே பேசி, அழுது, கைதட்டி, எல்லாம் முடிஞ்சிடுச்சின்னு இதுல போட்டுக்குது. இனிமே நான் பேசறதா, ஊட்டுக்குப் போறதா? நீங்களே சொல்லுங்க."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. பேப்பரை வாங்கிப் படித்தார், தேதியைப் பார்த்தார், இன்னொரு முறை படித்தார். கம்பெனிக்காரர்கள் பக்கம் திரும்பி, இது எப்படி வந்தது என்று கேட்டார்.

துளசிராமன் எழுந்தார். "எங்களுக்குச் சம்பந்தமே இல்ல சார். பத்திரிகைக்காரங்க அவங்களா எழுதிக்கிட்டது. இதுக்காகக் கூட்டத்தை நிறுத்த வேண்டியதில்ல."

"ஆசிரியர் வந்திருக்காரா?" என்றார் அதிகாரி.

சார் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பின்னாலேயே கதவு திறந்திருந்தது. எழுந்து போயிருந்தால் அதிகாரிக்கு அவரை அடையாளம் தெரியாது. துளசிராமன் சொன்னது நின்றிருக்கும், கூட்டம் தொடர்ந்திருக்கும், சின்னப்பொண்ணு அம்மா இனி எதைச் சொன்னாலும், காலையில் ஒரு பேச்சு மத்தியானம் ஒரு பேச்சு என்று ஆகியிருக்கும். சாருக்கு விளம்பரமும் போயிருக்காது. போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். கடவுளே, போய்விடட்டும் என்றுகூட நினைத்தேன், அசிங்கத்தை எத்தனை நேரம் பார்ப்பது.

அவர் மைக்குக்குப் போனார்.

"நாந்தான் சார் எழுதினேன். நடக்கறதுக்கு முன்னாடியே எழுதினேன். கம்பெனியிலேர்ந்து புதன்கிழமை வந்த மேட்டரு. போன்ல அப்பிடியே கீது, பாத்துக்கோங்க." போனை எடுத்து மேசையில் வைத்தார். "அதுல பேரு இல்ல. இந்தம்மா பேர நானா சேத்தேன். இவங்க அழல, வரவேற்கல, யார்கிட்டயும் ஒரு பைசா வாங்கல. ஒலை வேணாம்னு சொல்லத்தான் ஒரு மாசமா இவங்க பேசிப் பழகினாங்க. அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சே எழுதினேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"இருவத்திரெண்டு வருஷமா இப்பிடித்தான் எழுதிக்கினு இருக்கேன் சார். எல்லா விழாவும் நான் வூட்ல குந்திக்கினு எழுதினதுதான். யாரும் ஒண்ணும் கேக்கல, அதனால தப்புன்னு தோணல. இன்னிக்கு இந்தம்மா வாசல்ல வெச்சுக் கேட்டாங்க. இந்தப் பேப்பர யாரும் நம்பாதீங்க. இதையும் எழுதிக்கோங்க."

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு மனுஷர் இருபத்திரண்டு வருஷம் கட்டியதைத் தன் வாயாலேயே, அரசாங்கப் பதிவில், மூன்று நிமிஷத்தில் இடித்துப் போட்டார். எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அதிகாரி போனை வாங்கிப் பார்த்தார். துளசிராமனைப் பார்த்தார். துளசிராமன் தரையைப் பார்த்தார். பிறகு அதிகாரி பக்கத்திலிருந்தவர்களோடு குனிந்து பேசிவிட்டு, கூட்டம் தள்ளிவைக்கப்படுகிறது, வேறு தேதி முறைப்படி அறிவிக்கப்படும், பேப்பரும் போனில் உள்ள செய்தியும் அறிக்கையோடு சேர்க்கப்படும் என்று சொன்னார். வேப்பங்கண்டிகைக்காரர்கள் அப்போது நிஜமாகவே கைதட்டினார்கள்.

சார் மேடையை விட்டு நகரப்போனார். குமாஸ்தா தலையைத் தூக்கி அவரை நிறுத்தினான். "சார், பேசினவங்க விவரம் பதிவுல வேணும். பேரு?"

"பாக்கியநாதன்."

"ஊரு?"

"கும்மிடிப்பூண்டி."

"தொழில்?"

குமாஸ்தாவின் விரல் லேப்டாப்பின் மேல் காத்திருந்தது. மறுபடி கேட்டான். சார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் அரை நிமிஷம் போயிருந்தால் 'ஒன்றுமில்லை' என்று சொல்லியிருப்பார், எனக்கு அவரைத் தெரியும்.

சின்னப்பொண்ணு அம்மா இன்னும் மைக் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் கோபம் தீரவில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. சாரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, குமாஸ்தாவிடம் சொன்னார்.

"இன்னிலேர்ந்து பத்திரிகைக்காரருன்னு எழுதிக்கோ சார்."

சார் நிமிர்ந்து அந்த அம்மாவின் உதட்டைப் பார்த்தார். அதில் சிரிப்பு இல்லை. குமாஸ்தா 'இன்னிலேர்ந்து' என்பதை விட்டுவிட்டு மீதியைத் தட்டினான்.